பாலகுமாரனின் சிறுகதைகளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

குடமுருட்டி (திருவையாறு) எழுதியது:

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள பழமார்நேரியில் 1946ஆம் ஆண்டு பிறந்து, 2018 மே மாதம் 15ஆம் நாள் சென்னையில் மறைந்த பாலகுமாரனைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்செடுத்தால், மூத்தவர்கள் 'உடையார்' நாவல் என்பார்கள், இளையவர்கள் அவர் வசனம் எழுதிய 'நாயகன்', 'பாட்ஷா' படங்கள் என்பார்கள். அவர் சிறுகதை எழுதினார் என்பதே பலருக்கு நினைவில் இல்லை. 'கடற்பாலம்', 'சுகஜீவனம்' ஆகிய தொகுப்புகளின் பெயரைச் சொன்னால், அவையும் மாத நாவல்களா என்று கேட்கிறார்கள். இந்த இழையைத் தொடங்குவதற்கு அதுதான் காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலகுமாரன் அடிப்படையில் சிறிய வடிவத்துக்காரர். கவிதையில் தொடங்கி, 'கசடதபற' போன்ற சிற்றிதழ்ச் சூழலில் பழகி, ஒரு பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக் காட்டும் வித்தையைக் கற்றவர். வார இதழ்த் தொடர்களும், அவற்றைவிட அதிகமாக மாத நாவல்களும் அந்த வித்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி நீர்த்துப்போகச் செய்துவிட்டன. அது கெடாமல் தப்பிய ஒரே இடம் சினிமா வசனம். அங்கே அவரை நீட்டி எழுத யாரும் விடவில்லை.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1987இல் வெளிவந்த 'நாயகன்' படத்தில் வேலு முதன்முறையாக விலைமகளிர் விடுதிக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். அறையில் இருக்கும் பெண், மறுநாள் தனக்குக் கணக்குப் பரீட்சை இருப்பதால் சீக்கிரம் விட்டுவிட முடியுமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான். அவள் எப்படி அங்கே வந்தாள், யார் விற்றார்கள், வீடு எங்கே என்று எதையும் அவள் சொல்வதில்லை. அழுவதும் இல்லை. படிக்க வேண்டிய வயது, படிக்கும் ஆசை, இந்தத் தொழிலை அன்றாட வேலையாக ஏற்றுக்கொண்டுவிட்ட களைப்பு, எதிரில் இருப்பவனிடம் அனுமதி கேட்கும் பயம் ஆகிய நான்கும் அந்த ஒரு வேண்டுகோளில் அடங்கிவிடுகின்றன. இதை எழுதியது நாவலாசிரியரின் கை அல்ல, சிறுகதைக்காரரின் கை என்பது என் துணிபு.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

ஐயா, உங்கள் துணிபை மதிக்கிறேன், ஆனால் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. 'நாயகன்' படத்தின் கதை, திரைக்கதை, இயக்கம் மூன்றும் மணிரத்னம். வசனம்தான் பாலகுமாரன். கணக்குப் பரீட்சை என்பது வசனமா, திரைக்கதையா? ஒரு விடுதிப் பெண் பள்ளி மாணவியாகவும் இருக்கிறாள் என்பது சம்பவம். அதை வாய்வார்த்தையாக மாற்றுவது வசனம். சம்பவத்தை யோசித்தவர் யார் என்பதை அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே சொல்ல முடியும்.

நம் சினிமாவில் 'டிஸ்கஷன்' என்று ஒன்று உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். இயக்குநர், உதவி இயக்குநர்கள், வசனகர்த்தா, சில படங்களில் கதாநாயகனும் கூட, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து காட்சியைப் பேசிப் பேசியே உருவாக்குவார்கள். பிறகு அதை எழுதிக் கொண்டுவருபவர் பெயர் வசனம் என்று திரையில் போகும். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் பாதியை மாற்றுவார். டப்பிங்கில் இன்னும் கொஞ்சம் மாறும். எடிட்டிங்கில் பாதி போகும். மிச்சம் நிற்பதை எடுத்துவைத்துக்கொண்டு, இதுதான் ஆசிரியரின் தூய வடிவம் என்று சொல்வது, கூட்டாகச் செய்த விவசாயத்தில் ஒரு மூட்டையைக் காட்டி இது இன்னாருடைய நெல் என்று சொல்வதைப் போன்றது.

இரண்டாவதாக, சுருக்கமாக எழுதியதால் மட்டும் ஒருவர் சிறுகதைக்காரர் ஆகிவிட மாட்டார். எண்பதுகளின் நடுவில் தமிழ்ப் படங்கள் மொத்தமாகவே பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தன. நீங்கள் பாலகுமாரனுக்குக் கொடுக்கும் பெருமையில் பாதி அந்தக் காலத்துக்குச் சேர வேண்டியது.

காவிரிக்கரை வாசகசாலை (மயிலாடுதுறை) எழுதியது:

நான் பல ஆண்டுகள் வாடகை நூல் நிலையம் நடத்தியவன். சினிமாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். புத்தகம் எப்படிக் கைமாறியது என்பதைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதலில் எங்கள் ஊர்ப் பெருமையைப் பதிவு செய்துவிடுகிறேன். 1970இல் சென்னையில் தொடங்கிய 'கசடதபற'வின் முக்கியமான ஆட்களில் மூவர் எங்கள் வட்டாரத்துக்காரர்கள். ஞானக்கூத்தன் திருஇந்தளூர், ந. முத்துசாமி புஞ்சை, சா. கந்தசாமி மயிலாடுதுறை. பழமார்நேரியில் பிறந்த இளைஞர் ஒருவர் சென்னைக்குப் போய் எழுத்துப் பழகியது, காவிரியின் கீழ்மடையிலிருந்து போனவர்கள் கூடிய இடத்தில்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிற்றிதழ்க்காரர்கள் சினிமாவைக் கண்டால் ஒதுங்குவார்கள் என்று பேர். ஆனால் முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்துதான் பசுபதி, விமல் போன்ற நடிகர்கள் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சா. கந்தசாமி சுடுமண் சிற்பங்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். பாலகுமாரன் நேராக வணிக சினிமாவுக்குள்ளேயே போய்விட்டார். ஆகவே அவர் மட்டும் தடம் மாறியவர் என்று பேசுவது சரியல்ல.

இனி வாடகை நூல் நிலையத்துக்கு வருகிறேன். 'மெர்க்குரிப் பூக்கள்' சாவி இதழிலும், 'இரும்புக் குதிரைகள்' கல்கியிலும் தொடராக வந்தன. வீட்டுப் பெண்கள் வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். அந்த பைண்டுகளில் சில பிறகு எங்களிடம் விற்பனைக்கு வரும். பாதிப் பக்கத்தில் கதை, மீதிப் பக்கத்தில் சீயக்காய் விளம்பரம் இருக்கும். ஓரங்களில் பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள். கோடு போட்ட இடங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். கதை நகரும் இடத்தில் கோடு இருக்காது. கதையை நிறுத்திவிட்டு, வாழ்க்கை என்றால் என்ன, கோபம் என்றால் என்ன என்று ஆசிரியர் பேசத் தொடங்கும் இடத்தில்தான் கோடு இருக்கும். குடமுருட்டி ஐயா எதை நீர்த்துப்போனது என்கிறாரோ, அதைத் தேடித்தான் வாசகிகள் வந்தார்கள்.

பிற்காலத்து மாத நாவல்களை நான்கு நான்காகச் சேர்த்து ஒரே பைண்டாகக் கட்டிவைப்போம். தனித்தனியாக விட்டால் அட்டை கிழிந்துவிடும். பாலகுமாரன் பைண்டு அலமாரியில் தங்கியதே இல்லை. சிறுகதைத் தொகுப்புகள் தங்கின. இதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் நடந்தது அதுவே.

வெட்டாறு (திருவாரூர்) எழுதியது:

அந்தக் கோடுகளைப் போட்ட தலைமுறையைச் சேர்ந்தவள் என்ற முறையில் நானும் எழுதுகிறேன்.

'நீர்த்துப்போனது' என்ற தீர்ப்பை ஆண்கள் மிகச் சுலபமாக வழங்கிவிடுகிறார்கள். எண்பதுகளில் எங்கள் ஊர்களிலிருந்து பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வங்கி, தொலைபேசி நிலையம், தனியார் அலுவலகம், பள்ளிக்கூடம் என்று போன அந்தப் பெண்ணிடம், பேருந்தில் ஒருவன் உரசினால் என்ன செய்வது, மேலதிகாரி குழைந்தால் எப்படிப் பேசுவது, சம்பளத்தைக் கணவன் கையில் கொடுக்கத்தான் வேண்டுமா என்று வீட்டில் யாரும் பேசவில்லை. பாலகுமாரன் பேசினார். கதைக்குள் புகுந்து பேசினார் என்பது இலக்கியக் குறைபாடாக இருக்கலாம். அந்தப் பேச்சு தேவைப்பட்டது என்பதும் உண்மை.

ஆனால் அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாராக இல்லை. அவருடைய பெண்கள் புத்திசாலிகள், நிமிர்ந்து நடப்பவர்கள், ஆனால் கதை முடிவதற்குள் பெரும்பாலும் ஓர் ஆணின் கோணலை மன்னித்து, அவனைத் தாங்கிக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தாங்கிக்கொள்ளுதலைப் பெரிய ஞானமாகக் காட்டுவதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை. பிற்காலத்தில் ஆன்மிகம் சேர்ந்த பிறகு, திருவண்ணாமலை யோகி ராம்சுரத்குமாரை அவர் குருவாக ஏற்ற பிறகு, இந்தப் போக்கு இன்னும் கெட்டிப்பட்டது. சிறுகதைகளில் இதற்கு இடமில்லை. பக்கம் போதாது என்பதாலேயே அவள் மன்னிப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும். குடமுருட்டி ஐயாவின் கட்சியில் நான் சேருவது இந்த ஒரு காரணத்துக்காக மட்டும்தான், வசனத்துக்காக அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிராக்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்ட 'மெர்க்குரிப் பூக்க'ளுக்கும், லாரித் தொழிலைப் பேசும் 'இரும்புக் குதிரைக'ளுக்கும் உள்ள பலம், அவர் ஒரு தொழிற்சாலையின் உள்ளே இருந்தவர் என்பது. தஞ்சைக்காரர்கள் எழுதினால் ஆறு, அக்ரகாரம், சங்கீதம், வெற்றிலை என்று எதிர்பார்க்கும் வாசகர்களுக்கு அவர் இரும்பையும் டீசலையும் கொடுத்தார். இதைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

பெரியகோயில் வாசல் (தஞ்சாவூர்) எழுதியது:

'உடையா'ரை இரண்டு வார்த்தையில் கடந்துபோவதை ஏற்க முடியவில்லை. இராஜராஜன் பெருவுடையார் கோயிலை எழுப்பிய கதையை ஆறு பாகங்களாக எழுதியவரைச் சிறிய வடிவத்துக்காரர் என்று சொல்வதே எனக்கு விந்தையாக இருக்கிறது.

'உடையா'ருக்கு முன்பு நம் சரித்திர நாவல்களில் கோயில் என்பது பின்னணித் திரை. வாள்வீச்சும் ஒற்றர் வேலையும்தான் முன்னால் நிற்கும். பாலகுமாரன் கோயில் கட்டுவதையே கதையாக்கினார். கல் எங்கிருந்து வந்தது, யார் இழுத்தார்கள், எத்தனை பேருக்குச் சோறு போட வேண்டும், அடிபட்டவனுக்கு வைத்தியம் யார் பார்ப்பது என்பவையெல்லாம் அங்கே கதை. இதற்கான விதை கல்வெட்டிலேயே இருக்கிறது. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் கல்லில் உண்டு. திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் ராமனின் பெயர் உண்டு. கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை எந்தெந்தக் கோயிலிலிருந்து கொண்டுவந்தார்கள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீட்டில் குடிவைத்தார்கள் என்று பெயர் பெயராக வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் முதல் வீடு இன்னாருக்கு, இரண்டாம் வீடு இன்னாருக்கு என்று கல்வெட்டு நகரும்போது, ஒவ்வொரு வரியும் ஒரு சிறுகதையின் முதல் வரி போலவே இருக்கும்.

இப்போது யோசித்துப் பார்த்தால் குடமுருட்டி ஐயாவுக்கே சாதகமாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. 'உடையா'ரில் நிற்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆட்கள் வரும் தனித்தனி அத்தியாயங்கள்தாம். அரசியல் சூழ்ச்சி வரும் பகுதிகள் இழுவை. ஒரு தச்சன் மட்டும் பேசும் அத்தியாயம் இழுவை அல்ல.

இராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவியாருக்கு அவர் கொடுத்த இடமும் குறிப்பிடத்தக்கது. இராஜேந்திரன் தன் சிற்றன்னைக்காக எழுப்பிய பள்ளிப்படை, அதாவது மறைந்தவர் நினைவாக எடுத்த கோயில், பட்டீஸ்வரத்தில் இருக்கிறது. 'உடையார்' வந்த பிறகு, அந்த நாவலைப் படித்துவிட்டு வழி கேட்டு வருபவர்களை நானே பார்த்திருக்கிறேன். கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்காமல், 'தேவியார் கோயில் எது' என்றுதான் கேட்பார்கள். ஒரு நாவல் மக்களை ஒரு பள்ளிப்படைக்கு நடக்கவைப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம் நாவலில் வருவதையெல்லாம் கல்வெட்டுச் சான்று என்று நம்பிக்கொண்டு வாதம் செய்பவர்களையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொல்லைக்கு நாவலாசிரியரைக் குறை சொல்ல முடியாது.

குடமுருட்டி (திருவையாறு) எழுதியது:

அரசலாறு அவர்களுக்கு. வசனம் கூட்டு வேளாண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டுப் பட்டறையிலும் ஒருவருடைய சுவடு தெரியும். ஒரே ஆள் வெவ்வேறு இயக்குநர்களிடம் எழுதிய படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மணிரத்னத்தின் 'நாயகன்', 1991இல் சந்தானபாரதியின் 'குணா', 1993இல் ஷங்கரின் 'ஜென்டில்மேன்', 1995இல் சுரேஷ் கிருஷ்ணாவின் 'பாட்ஷா', 2006இல் செல்வராகவனின் 'புதுப்பேட்டை'. இயக்குநர்கள் ஐவரும் ஐந்து திசை. ஆனாலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. முக்கியமான இடத்தில் பாத்திரம் தன்னை விளக்காது. சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். 'நாயக'னின் இறுதியில் 'நீங்க நல்லவரா, கெட்டவரா' என்று பேரன் கேட்கும் கேள்விக்கு வேலு நாயக்கர் தரும் விடை 'தெரியலையே' என்ற ஒரே சொல். இதே இடத்தில் இன்னொரு வசனகர்த்தா இருந்திருந்தால், மும்பையின் வரலாறும் ஏழைகளின் கண்ணீரும் இரண்டு நிமிடத்துக்கு ஓடியிருக்கும்.

அந்த இரண்டு நிமிட மரபும் நம் டெல்டாவுடையதுதான் என்பதை மறக்க வேண்டாம். திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி 1952இல் 'பராசக்தி'க்கு எழுதிய நீதிமன்ற வசனம் தமிழ்நாட்டையே மனப்பாடம் செய்யவைத்தது. அவரும் சிறுகதை எழுதியவர்தான். ஆனால் அவருடைய வசனம் மேடையிலிருந்து வந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது. பாலகுமாரனின் வசனம் எதிரில் இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பேசுவது. தமிழ் சினிமா வசனத்தின் இரண்டு எல்லைகளையும் ஒரே ஆற்றுப்படுகையில் பிறந்தவர்கள் நட்டுவைத்தார்கள் என்பதை யாரும் சேர்த்துப் பேசாதது எனக்கு வியப்பு.

நடுவில் தி. ஜானகிராமன் இருக்கிறார். நடிகர் சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் நாடகக் குழுவுக்காக அவர் எழுதிய 'நாலு வேலி நிலம்' நாடகம் 1959இல் படமாகவும் வந்தது. உரையாடலில் அவருக்கு இணை யார்? ஆனாலும் சினிமா அவரை வைத்துக்கொள்ளவில்லை. பாலகுமாரனை வைத்துக்கொண்டது. தி.ஜா.வின் பாத்திரங்கள் சுற்றிச் சுற்றிப் பேசி இனிப்பவை. சினிமாவுக்கு அந்த நேரம் கிடையாது.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

பட்டியலை ஏற்கிறேன், முடிவை அல்ல. 'பாட்ஷா'வை எப்படி அதில் சேர்த்தீர்கள்? அங்கே சுருக்கம் சிறுகதையிலிருந்து வந்ததல்ல, ரஜினிகாந்தின் உடல்மொழியிலிருந்து வந்தது. ஒரு தடவை சொன்னால் நூறு தடவை சொன்ன மாதிரி என்பது ஓர் ஆளின் உள்ளத்தைத் திறக்கும் வரி அல்ல. திரையரங்கில் சத்தம் எழுப்புவதற்கான வரி. நல்ல வரிதான், ஆனால் கணக்குப் பரீட்சைக்கு எதிர்த்திசையில் நிற்பது. அது கருணாநிதி மரபுக்குத்தான் நெருக்கம். மேடை சுருங்கிவிட்டது, அவ்வளவே.

'குணா'வோ உங்கள் வாதத்தை நேரடியாக உடைக்கிறது. குணசேகரன் ஓயாமல் பேசுகிறவன். அபிராமி, பௌர்ணமி, கல்யாணம் என்று அதையே சுழன்று சுழன்று பேசுகிறான். அந்தப் படத்தின் அழகே அந்தச் சுழற்சிதான். 2024இல் மலையாளப் படம் ஒன்றின் புண்ணியத்தில், 'குணா' படமாக்கப்பட்ட கொடைக்கானல் குகையை எல்லாரும் மறுபடி நினைத்தார்கள். குகையைப் பேசியவர்கள் வசனத்தைப் பேசவில்லை. அதில் இருப்பது சிறுகதைக்காரரின் கை அல்ல. கவிதையில் தொடங்கியவர், பிற்பாடு பக்தியில் தோய்ந்தவர், அவருடைய கை.

பாலகுமாரன் தாமே இயக்கிய படம் 1988இல் வந்த 'இது நம்ம ஆளு'. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தும், படம் பாக்யராஜ் படமாகத்தான் நினைவில் இருக்கிறது. தனித்த கை என்று ஒன்று சினிமாவில் இருந்திருந்தால் அங்கேயாவது தெரிந்திருக்க வேண்டாமா?

வெண்ணாறு (மன்னார்குடி) எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு இந்தப் பொருளை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஷங்கர் முதல் இரண்டு படங்களுக்குப் பாலகுமாரனையும், 'இந்திய'னுக்குச் சுஜாதாவையும் வைத்துக்கொண்டார் அல்லவா? இருவரும் சிறுகதையிலிருந்து வந்தவர்கள். இவர்களை ஒப்பிட்டால் போதுமா, அல்லது பாலகுமாரனை மட்டும் எடுத்துக்கொள்வதா? எங்கிருந்து தொடங்குவது?

வெட்டாறு (திருவாரூர்) எழுதியது:

தம்பி, சுஜாதாவைச் சேர்த்தால் ஆய்வேடு அவர் பக்கம் சாய்ந்துவிடும். அவரைப் பற்றிய கட்டுரைகள் அவ்வளவு கிடைக்கின்றன. பாலகுமாரனை மட்டும் எடுத்துக்கொள்.

முதலில் 'முன்கதைச் சுருக்க'த்தைப் படி. தம் எழுத்து வாழ்க்கையைப் பற்றி அவரே எழுதியது. ஆனால் அதில் அவர் தம்மைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. தம்மையும் ஒரு பாத்திரமாக ஆக்கிக்கொள்வதில் அவர் கைதேர்ந்தவர். அடுத்து சிறுகதைகள். அவற்றை முடிக்கும்வரை ஒரு படத்தையும் பார்க்காதே. பார்த்தால் நடிகர்களின் குரல் காதில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பதைப் படிக்கவிடாது. பிறகு 'இரும்புக் குதிரைகள்'. கடைசியாகப் படங்கள்.

படத்தை முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேள். யார் எப்போது பேச்சை நிறுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள். குடமுருட்டி ஐயா சொல்வது சரியா, அரசலாறு சார் சொல்வது சரியா என்பதற்கு அந்தக் குறிப்பில்தான் ஆதாரம் இருக்கும்.

காவிரிக்கரை வாசகசாலை (மயிலாடுதுறை) எழுதியது:

வெண்ணாறு தம்பிக்கு ஒரு சேர்க்கை. 'கசடதபற' இதழ்களில் அவர் பெயர் வரும் பக்கங்களை மட்டும் பார்க்காமல், அதே இதழில் பக்கத்தில் யார் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவும். ஞானக்கூத்தனின் கவிதையும் முத்துசாமியின் நாடகமும் எந்த அளவுக்குப் பேச்சுமொழியைச் சிக்கனமாகக் கையாண்டன என்று தெரிந்தால், பாலகுமாரனின் வசனச் சிக்கனம் அவருடைய சொந்தச் சொத்தா, அந்தக் கூட்டத்தின் பொதுச் சொத்தா என்ற கேள்வி எழும். என் கணக்கில் அது பொதுச் சொத்து. அதைப் பெரிய திரைக்கு எடுத்துச் சென்றவர் அவர்.

என் கடை மூடியபோது விற்காமல் வைத்துக்கொண்ட பைண்டுகளில் கல்கியில் வந்த 'இரும்புக் குதிரைகள்' ஒன்று இருக்கிறது. கோடுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் மயிலாடுதுறைக்கு வரும்போது சொல்லவும்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

பொதுச் சொத்து என்றால் எனக்குச் சம்மதம். குடமுருட்டி ஐயாவுக்குச் சம்மதமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

குடமுருட்டி (திருவையாறு) எழுதியது:

பாதிச் சம்மதம். மற்றவர்களிடமும் அந்தச் சிக்கனம் இருந்தது, சரி. ஆனால் ஒரு வணிகப் படத்துக்குள், நாயகன் வில்லன் பாட்டு சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில், அதை நுழைத்துவிட்டு வெளியே வரும் சாமர்த்தியம் அந்தக் கூட்டத்தில் வேறு யாரிடம் இருந்தது? 'குணா'வைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் இப்போது பதில் இல்லை. படத்தை மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.